ஒரே பயிற்சியாளருக்கு மூன்று ‘முதல் எச்சரிக்கை’: ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்லூரி அணிகள் மோதிய ஒரு தொடரின் காலிறுதி ஆட்டம் இது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடந்தது: பத்து நிமிடக் குவார்ட்டர் நான்கு, நடுவர்கள் மூவர், மேசையில் ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் (கூடையை நோக்கி எறிய ஓர் அணிக்கு உள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) இயக்குபவர். நான் ஆணையராக ஸ்கோரருக்கும் டைமருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். ஆணையரால் விசில் ஊத முடியாது, யாருக்கும் ஃபவுல் கொடுக்க முடியாது. மேசையை மேற்பார்வை பார்ப்பதும், நடுவர்களுக்கு வேண்டிய உதவியைச் செய்வதும்தான் வேலை. ஆனால் இரண்டு பெஞ்சுகளிலும் பேசுவது அந்த நாற்காலிக்கு நன்றாகவே கேட்கும்.

மூன்று நடுவர்களில் முதன்மை நடுவர் நீண்ட அனுபவம் உள்ளவர். இரண்டாமவர் பல தொடர்களில் விசில் ஊதியவர். மூன்றாமவருக்கு இந்த மட்டத்தில் இது முதல் தொடர். இந்த எழுத்தில் அவர்களை மூத்தவர், இரண்டாமவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன். அணிகளை அவற்றின் உடை நிறத்தை வைத்து வெள்ளை, நீலம் என்று சொல்கிறேன். தண்டனைக்கு உள்ளானவர் நீல அணியின் தலைமைப் பயிற்சியாளர். சத்தம் போடுபவர் என்று பெயர் வாங்கியவர்தான், ஆனால் அதற்கு முன் வெளியேற்றப்பட்டவர் இல்லை.

என் குறிப்புகள், மூன்று நடுவர்களும் எழுதிக் கொடுத்தவை, ஸ்கோர் ஷீட், வீடியோ, ஒழுங்குக் குழுவிடம் பயிற்சியாளர் சொன்னது ஆகியவற்றிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

விதி எங்கே நிற்கிறது

நடந்ததைப் புரிந்துகொள்ள விதியில் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பார்வையாளர் பலர் “அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் கொடு” என்று கத்துவார்கள். அது வீரர்களுக்கு மட்டும் உரியது, அதுவும் உடல் மோதலுக்கு. பயிற்சியாளரின் நடத்தைக்கு இரண்டே வழி: டெக்னிக்கல் ஃபவுல், இல்லையென்றால் நேரடித் தகுதிநீக்கம்.

நடுவர், ஆணையர், மேசை அலுவலர், எதிரணியினர் ஆகியோரிடம் மரியாதையின்றிப் பேசினாலோ, அவர்களைத் தொட்டாலோ பெஞ்சில் இருப்பவருக்கு டெக்னிக்கல். தலைமைப் பயிற்சியாளர் தானே செய்தால் ஸ்கோர் ஷீட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘சி’. உதவிப் பயிற்சியாளர், மாற்று வீரர், ஐந்து ஃபவுல் ஆகி வெளியே வந்த வீரர், அணியோடு வந்த மற்றவர் என யார் செய்தாலும் அதுவும் தலைமைப் பயிற்சியாளர் கணக்கில்தான் ஏறும், ஆனால் ‘பி’ என்று. தண்டனை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. அதை எதிரணியில் யார் வேண்டுமானாலும் எறியலாம், ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) யாரும் வரிசையில் நிற்பதில்லை. அப்புறம் ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே, பந்து யாருக்குச் சேர வேண்டியதோ அவர்களிடமிருந்து தொடரும். அணியின் ஃபவுல் கணக்கிலும் இது சேராது.

இரண்டு ‘சி’ வந்தால் பயிற்சியாளர் வெளியே. மூன்று டெக்னிக்கல் வந்தாலும் வெளியே, அது மூன்றும் ‘பி’யாக இருந்தாலும் சரி, அதில் ஒன்று ‘சி’யாக இருந்தாலும் சரி. அதாவது ஒரு ‘சி’யும் ஒரு ‘பி’யும் மட்டும் இருந்தால் வெளியேற்றம் கிடையாது. இந்தக் கணக்கில்தான் நான்காவது குவார்ட்டரில் மேசையே தடுமாறியது.

நிற்பதற்கும் பேசுவதற்கும் வரம்பு உண்டு. தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நின்றுகொண்டிருக்கலாம், அதுவும் பெஞ்ச் பகுதிக்குள். உதவிப் பயிற்சியாளர் நடுவர்களோடு பேசவே கூடாது.

முதல் பாதியில் கண்டவை

முதல் குவார்ட்டரில் கடிகாரத்தில் 6:40 மீதி இருக்கும்போது நீல அணியின் கார்டு (பந்தைக் கொண்டுசெல்லும் வீரர்) உள்ளே புகுந்து எறிந்தார். முழங்கைக்கு மேல் ஒரு தட்டு விழுந்தது போலத் தெரிந்தது, விசில் வரவில்லை. பயிற்சியாளர் எழுந்து, “சார், கையில அடிச்சான் சார்!” என்றார். இரண்டாமவர் ஓடிக்கொண்டே, “அடுத்தது பார்க்கிறேன் சார்” என்றார். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆட்டச் சூட்டில் பயிற்சியாளர் வாயிலிருந்து வரும் இயல்பான கூச்சல் அது. அதற்கெல்லாம் ஃபவுல் கொடுத்தால் ஆட்டம் நகராது.

அந்தக் குவார்ட்டரின் கடைசியில் அவர் பெஞ்ச் பகுதிக் கோட்டைத் தாண்டி, ஒரு கால் மைதானத்துக்குள் இருக்க நின்றார். பக்கத்தில் வந்த இளையவர், “சார், கோட்டுக்குள்ள நில்லுங்க” என்றார். பயிற்சியாளர் பின்வாங்கினார். இளையவர் மனதில் இது எச்சரிக்கை. மற்ற இருவருக்கும் தெரியாது.

இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில் ஒரு டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்து நடப்பது) முடிவுக்கு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார். நீலப் பக்கப் பார்வையாளர்கள் ஊளையிட்டார்கள். எதிர்ப்புறத்திலிருந்த மூத்தவர் உள்ளங்கையைக் காட்டி, “போதும் சார்” என்றார். இது இரண்டாவது. கொஞ்ச நேரத்தில் தலைமைப் பயிற்சியாளரும் உதவியாளரும் ஒன்றாக நின்று கத்தியபோது இரண்டாமவர் வந்து, “ரெண்டு பேர்ல ஒருத்தர் உட்காருங்க” என்றார். இது மூன்றாவது. மூவரும் தாங்கள் சொன்னதைத்தான் முதல் எச்சரிக்கை என்று நினைத்திருந்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் யோசித்தால், மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன மூன்று சின்ன விஷயங்கள் அவை. அடுத்ததற்குத் தண்டனை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் வந்ததுதான் பெரிது. 2:10 இருக்கும்போது நீல அணியின் முக்கிய வீரருக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்தது. கொடுத்தவர் இளையவர். மேசைக்கு எண்ணைக் காட்டிவிட்டு அவர் திரும்பும்போது, பயிற்சியாளர் குரலை உயர்த்தாமல், சிரித்தபடியே கேட்டார்: “எவ்வளவு குடுத்தாங்க தம்பி?”

கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. மேசையில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டைமர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இளையவரின் முகம் மாறியது, ஆனால் கால் நிற்கவில்லை. தன் இடத்துக்குப் போய்விட்டார்.

என் கணிப்பில் அந்த ஆட்டம் முழுவதிலும் பயிற்சியாளர் செய்த மிக மோசமான காரியம் இதுதான். நடுவர் பயிற்சி வகுப்புகளில் ஓர் அளவுகோல் சொல்லித் தருவார்கள்: பேச்சு ஆளைத் தாக்குகிறதா, அரங்கம் பார்க்கும்படி நடக்கிறதா, விடாமல் தொடர்கிறதா. மூன்றில் ஒன்று பலமாக இருந்தாலே விசில் வர வேண்டும். பணம் வாங்கினாயா என்பது நடுவரின் முடிவைப் பற்றிய கேள்வி இல்லை, அவருடைய நேர்மையின் மேல் விழுந்த அடி. மெதுவான குரலும் சிரிப்பும் அதைக் குறைக்காது. அதற்கு முன்னெச்சரிக்கையும் தேவையில்லை.

ஏன் விசில் ஊதவில்லை என்று பிறகு கேட்டபோது இளையவர் சொன்ன காரணத்தைப் பல நடுவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய முக்கிய வீரருக்கு அப்போதுதான் ஃபவுல் கொடுத்திருந்தார். கையோடு பயிற்சியாளருக்கும் கொடுத்தால் நீல அணியைக் குறிவைத்ததாகத் தெரியும் என்று பயந்தார். மூத்தவர் தூரத்தில் இருந்தார், அவர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் இருந்தது.

இடைவேளை

பாதி ஆட்டத்தில் வெள்ளை 41, நீலம் 34. நடுவர் அறைக்குப் போகும் வழியில் பயிற்சியாளர் காத்திருந்து, “ரெண்டு நிமிஷம் பேசணும் சார்” என்றார். மூத்தவர், “இங்க வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது சரியான பதில். தாழ்வாரத்தில் தனியாக நடக்கும் பேச்சை இன்னொரு அணி பார்த்தால் அதுவே அடுத்த பிரச்சினை.

அறையில் நான் மூத்தவரிடம் பணம் பற்றிய பேச்சைச் சொன்னேன். அவருக்கு அதுதான் முதல் செய்தி. இளையவரிடம் கேட்டார், அவர் ஆமாம் என்றார். இரண்டு கேள்விகள் எழுந்தன. இப்போது திரும்பிப் போய் அதற்கு டெக்னிக்கல் கொடுப்பதா? மூத்தவர் வேண்டாம் என்றார். காதில் வாங்கிய நடுவரே அந்த நேரத்தில் விட்டுவிட்ட ஒன்றை இடைவேளை முடிந்து வந்து தண்டித்தால், மேசை தூண்டிவிட்டுக் கொடுத்த ஃபவுல் ஆகிவிடும் என்பது அவர் வாதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து, இனி என்ன செய்வது? மூவரும் ஒத்துக்கொண்ட முடிவு: “இனிமே ஒண்ணு வந்தாலும் கொடுத்துடுவோம்.”

அந்த முடிவு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கும் முன் நடுவர்கள் மைதானத்துக்கு வந்து நின்ற சில நிமிடங்களில் மூத்தவர் நீலப் பெஞ்சுக்குப் போய், கேப்டனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “சார், இது எச்சரிக்கை. இதுக்கு மேல டெக்னிக்கல்தான்” என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. வெள்ளை அணிப் பயிற்சியாளரிடமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டால் பாரபட்சப் பேச்சும் எழாது. நடுவர்கள் பொறுமையின் எல்லைக்கு வந்துவிட்டார்கள் என்பது நீல அணிப் பயிற்சியாளரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் டெக்னிக்கல்: ‘சி’

மூன்றாவது குவார்ட்டரில் 8:52. பந்து பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே போனது, வெள்ளைக்கு என்று இரண்டாமவர் காட்டினார். வீடியோவில் பார்த்தால் சரியான முடிவு. பயிற்சியாளர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, “இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே?” என்றார். இரண்டாமவர் விசில் ஊதி, கையால் டெக்னிக்கல் குறியைக் காட்டினார்.

கொடுத்தது தவறா? தனியாக எடுத்துப் பார்த்தால் விதிக்குள் அடங்கும். முதல் பாதியோடு சேர்த்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. லஞ்சம் வாங்கினாயா என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை, கையைத் தூக்கியதற்கு டெக்னிக்கல். பயிற்சியாளரின் அதிர்ச்சி நடிப்பாகத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்த வீரர்களுக்கும் அப்படியே. நடுவர்கள் இடைவேளையில் ஏதோ முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னது மேசை வரை கேட்டது. அது உண்மைதான் என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஃபவுலுக்குப் பிறகு நடந்ததை நடுவர்கள் நேர்த்தியாகச் செய்தார்கள். இரண்டாமவர் மேசைக்கு அறிவித்துவிட்டு நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டார். கொடுத்தவரும் வாங்கியவரும் எதிரெதிரே நின்றால் இரண்டாவது ‘சி’ ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வெள்ளை அணி ஒரு ஃப்ரீ த்ரோவை எறிந்து போட்டது, அதே இடத்திலிருந்து த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே இருந்து பந்தை உள்ளே எறிவது. பந்து அடுத்து நின்றபோது மூத்தவர் பெஞ்ச் பக்கமாக வந்து ஒரே வரியில் காரணத்தைச் சொன்னார், விவாதத்துக்கு நிற்கவில்லை. அதன் பிறகு பயிற்சியாளர் நடுவர்களிடம் பேசவே இல்லை. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தார். தண்டனை வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் வெள்ளை 57, நீலம் 53.

இரண்டாவது: ‘பி’, அதோடு மேசையில் ஒரு குழப்பம்

தலைமைப் பயிற்சியாளர் அடங்கியதும் உதவிப் பயிற்சியாளர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பெஞ்சில் இது அடிக்கடி நடப்பதுதான். நான்காவது குவார்ட்டரில் 7:15, பந்து நீல அணியிடம் இருந்தது. உதவிப் பயிற்சியாளர் எழுந்து இரண்டாமவரைப் பார்த்து, “கண்ணைத் திறந்து பாருங்க!” என்று கத்தினார். அருகில் இருந்தவர் இளையவர். அவர் உடனே விசில் ஊதினார். முதல் பாதியில் விட்டதற்கு இங்கே ஈடு கட்டினாரா என்று பின்னர் கேட்டோம். இல்லை என்றார். கேட்ட வார்த்தையும் சொன்ன ஆளும் தெளிவாக இருந்ததால் நானும் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

சிக்கல் அறிவிப்பில் வந்தது. இளையவர் மேசைக்கு வந்து அவசரத்தில், “டெக்னிக்கல், கோச்!” என்றார். தலைமைப் பயிற்சியாளர் கணக்கில் ஏற வேண்டியது என்ற பொருளில் சொன்னார். ஸ்கோரர் அதைத் தலைமைப் பயிற்சியாளரே செய்ததாக எடுத்துக்கொண்டு இரண்டாவது ‘சி’யை எழுதினார். உதவி ஸ்கோரர் உடனே, “ரெண்டு சி ஆச்சு, வெளியே” என்றார். இளையவரும் ஒரு நொடி தலையாட்டினார். வெள்ளை அணியின் பெஞ்சில் கைதட்டல் தொடங்கியது.

நான் டைமரிடம் கடிகாரத்தைத் தொடாமல் இருக்கச் சொல்லிவிட்டு மூத்தவரை அழைத்தேன். அவர் இளையவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “யார் பேசினது?” பதில் வந்ததும் பதிவு ‘பி’ ஆகத் திருத்தப்பட்டது. வெள்ளை ஒரு ஃப்ரீ த்ரோ எறிந்தது. பிறகு பந்து நீல அணிக்கே, ஷாட் கிளாக்கில் மிச்சமிருந்த நேரத்தோடு. தவறு செய்த அணிக்கே பந்தா என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. ஆட்டம் நின்றபோது பந்து அவர்களிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் திருத்தம் நடக்காமல் போயிருந்தால் ஒரு பயிற்சியாளர் விதிக்கு மாறாக வெளியேற்றப்பட்டிருப்பார். அவ்வளவு பெரிய விஷயம் ஓர் எழுத்தில் தொங்கியது.

குழப்பம் தீர்ந்த நிம்மதியில் இன்னொன்று விட்டுப்போனது. நீலப் பயிற்சியாளர் கணக்கில் இப்போது ஒரு ‘சி’, ஒரு ‘பி’. இனி அவரோ, அவர் பெஞ்சில் யாரோ, எந்த டெக்னிக்கல் வாங்கினாலும் அவர் வெளியே. இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் மேசையில் நடந்த தள்ளுமுள்ளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள். தன் நிலை என்ன என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று பின்னர் குழுவிடம் சொன்னார்.

மூன்றாவது

2:31 பாக்கி. வெள்ளை 68, நீலம் 66. நீல அணியின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் வீரர்) பந்தோடு புகுந்து எதிராளியின் நெஞ்சில் மோதினார். சார்ஜிங். அவருக்கு ஐந்தாவது ஃபவுல். மூத்தவர் அவரிடம் போய்ச் சொன்னார், மாற்று வீரர் உள்ளே வந்தார். வெளியே வந்த வீரர் பெஞ்சுக்குப் போய், நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மைதானத்துக்குள் வீசினார். அது மூத்தவரின் காலடியில் விழுந்தது. பயிற்சியாளர் அந்த நேரத்தில் அந்த வீரரின் தோளைப் பிடித்து உட்கார வைக்க முயன்றுகொண்டிருந்தார். வீடியோவில் அவருடைய இடது கை வீரரின் தோளில் இருப்பதும், துண்டு பறப்பதும் ஒரே ஃப்ரேமில் தெரிகிறது.

மூத்தவர் விசில் ஊதிவிட்டு மற்ற இருவரையும் அழைத்தார். நடு மைதானத்தில் சிறிது நேரம் பேசினார்கள். அங்கே எடைபோட்ட வழிகளை அவர்களே எழுதியிருக்கிறார்கள். கண்டும் காணாமல் விடலாம் என்பதை யாரும் ஏற்கவில்லை. அரங்கமே பார்த்தது. வீரரை நேரடியாகத் தகுதிநீக்கம் செய்யலாமா? துண்டு நடுவரைக் குறிவைத்து எறியப்படவில்லை, தரையை நோக்கித்தான் போனது, வார்த்தையும் இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றார்கள். மிச்சம் டெக்னிக்கல். ஐந்து ஃபவுல் ஆனவர் இனி வீரர் அல்ல, எனவே அது பயிற்சியாளர் கணக்கில் ‘பி’. மொத்தம் மூன்று. பயிற்சியாளர் வெளியே.

இந்த முறை மூத்தவர் மேசைக்கு வந்து வரிசையாகச் சொன்னார்: யார் செய்தது, யார் கணக்கு, என்ன எழுத்து, மொத்தம் எத்தனை. ஸ்கோரர் திருப்பிச் சொன்னார். பிறகு மூத்தவர் பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொன்னார். பயிற்சியாளர், “நான் என்ன செஞ்சேன் சார்?” என்று மட்டும் கேட்டார்.

டெக்னிக்கல்கள் சேர்ந்து வரும் வெளியேற்றத்துக்குக் கூடுதல் தண்டனை கிடையாது. நேரடித் தகுதிநீக்கமாக இருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் போயிருக்கும். இங்கே மூன்றாவது டெக்னிக்கலுக்கு உரிய ஒரு ஃப்ரீ த்ரோ, 69-66. அப்புறம் சார்ஜிங்குக்காக ஏற்கெனவே வெள்ளைக்குச் சேர வேண்டிய பந்து. உதவிப் பயிற்சியாளர் பொறுப்பேற்றார். ஆட்டம் 77-71 என்று வெள்ளைக்குப் போனது.

வெளியேறிய பின்

போகிற வழியில் பயிற்சியாளர் இளையவரைக் கடக்கும்போது ஒரு வசை வார்த்தை சொன்னார். இளையவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், மூத்தவர் கையசைத்துத் தடுத்தார். அது சரி. வெளியேற்றப்பட்டவர் இனி பெஞ்சைச் சேர்ந்தவர் அல்லர், எனவே ஆட்டத்துக்குள் அவருக்கு மேலும் தண்டனை கொடுக்க முடியாது. அது அறிக்கைக்குப் போக வேண்டிய விஷயம். பயிற்சியாளர் அறைக்குப் போகாமல் வாசலில் நின்று உதவியாளருக்குக் கைஜாடை காட்டினார். அமைப்பாளர் ஒருவரை அனுப்பி அவரை உள்ளே போக வைத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் நீல அணியின் கேப்டன், புகார் மனு கொடுக்கலாமா என்று கேட்டார். முடிந்த 15 நிமிடத்துக்குள் முதன்மை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட வேண்டும். ஆனால் ஸ்கோர், நேரம், ஷாட் கிளாக் ஆகியவற்றில் திருத்தப்படாத பிழை போன்ற சில காரணங்களுக்குத்தான் இடம் உண்டு. நடுவரின் மதிப்பீட்டை எதிர்க்க அது வழியல்ல. விளக்கியதும் அவர் கையெழுத்திடவில்லை.

ஒழுங்குக் குழுவில்

மூத்தவரின் அறிக்கையில் மூன்று டெக்னிக்கல்களும் வெளியேறும்போது சொன்ன வசையும் இருந்தன. பணம் பற்றிய பேச்சு இளையவரின் துணைக் கடிதத்தில் பின்னால் வந்தது. குழு வசைக்காகப் பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. துண்டு வீசிய வீரருக்குக் கண்டனம். பணம் பற்றிய பேச்சின் மேல் நடவடிக்கை இல்லை. ஆட்டத்தில் தண்டிக்கப்படவில்லை, முதல் அறிக்கையிலும் இல்லை, பயிற்சியாளர் வேடிக்கையாகச் சொன்னதாக எழுதிக் கொடுத்தார். மேசையில் நாங்கள் கேட்டதைச் சொன்னோம், குழு அதைப் பதிவு செய்துகொண்டதோடு நிறுத்திக்கொண்டது. விசில் வராத ஒன்றைப் பிறகு காகிதத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே விசாரணையில் பயிற்சியாளர் இன்னொன்றும் சொன்னார்: “இன்னும் ஒண்ணு வந்தா நான் வெளியேன்னு தெரிஞ்சிருந்தா, அந்தப் பையனை நேரா டிரஸ்ஸிங் ரூமுக்கு அனுப்பியிருப்பேன்.” தற்காப்புப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் கை அந்த வீரரின் தோளில் இருந்ததை நான் பார்த்தேன்.

இனி என்ன மாறும்

பெரிய மாற்றம் எச்சரிக்கையில். ஒரு நடுவர் சொன்ன எச்சரிக்கை மூவருடையதாக ஆக வேண்டும். பந்து அடுத்து நிற்கும்போது மற்ற இருவருக்கும் கண்ஜாடையாகவாவது தெரிய வேண்டும், ஆணையர் இருந்தால் அவர் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், வாங்குபவருக்கு அது எச்சரிக்கை என்று தெரிய வேண்டும். “உள்ள நில்லுங்க”, “போதும் சார்” எல்லாம் சமாளிப்பு வார்த்தைகள், அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் அடுத்தது டெக்னிக்கல் என்ற நிலை வந்துவிட்டால், அந்த வாக்கியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் விதியில், பயிற்சியாளருக்குத் தரும் எச்சரிக்கையை ஸ்கோரரிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுத வைக்க வழி உண்டு. ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. என் பழக்கத்தில் இப்போது ஒரு தனித்தாள் இருக்கிறது. அதே பள்ளி விதியில், நேரடி டெக்னிக்கல் வாங்கிய தலைமைப் பயிற்சியாளர் எழுந்து நிற்கும் உரிமையை இழப்பார். ஃபிபாவுக்குக் கடன் வாங்க வேண்டிய விதி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு ஃப்ரீ த்ரோ பல பயிற்சியாளர்களுக்கு உறைப்பதே இல்லை, உட்காரச் சொன்னால் உறைக்கும்.

நேர்மையைத் தொட்ட பேச்சுக்கு எச்சரிக்கை கிடையாது என்பதை ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே மூத்தவர் இளையவரிடம் சொல்லிவிட வேண்டும். “நீ கொடுத்தால் நான் உன் பின்னால் இருப்பேன்” என்று முன்பே கேட்ட இளைய நடுவர் விசிலோடு தயங்க மாட்டார்.

அறிவிப்பில் ஆளை முதலில் சொல்வது: “பெஞ்ச், உதவிப் பயிற்சியாளர், பி.” மேசை அதைத் திருப்பிச் சொன்ன பிறகே நடுவர் நகர்வது. பயிற்சியாளர் கணக்கில் இரண்டு ஆனதும், அடுத்தது எதுவானாலும் வெளியேற்றம் என்று மூத்தவர் அவரிடமே சொல்வது. விதி கேட்காவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது டெக்னிக்கலைப் பற்றி மட்டும் மூவரிடையே இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. இரண்டாமவர், கடைசி நேரத்தில் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வீரரைப் பேசி அனுப்பியிருக்கலாம் என்கிறார். அமைதியான ஒருவர் இன்னொருவர் கோபத்துக்காக வெளியே போனது அவருக்கு உறுத்துகிறது. மூத்தவர், அதே துண்டு முதல் குவார்ட்டரில் விழுந்திருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்போம், பயிற்சியாளர் கணக்கில் எத்தனை இருக்கிறது என்று பார்த்து விசில் ஊதினால் அது வேறு ஆட்டம் என்கிறார். நான் மூத்தவர் பக்கம். பெஞ்சின் நடத்தைக்குத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு என்பதற்காகத்தான் ‘பி’ என்ற எழுத்தே இருக்கிறது. கொடுத்தது சரி. அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் விட்டதில்தான் எனக்குக் குறை.

இளையவரிடம் கேட்டபோது அவர் மூன்றாவதைப் பற்றிப் பேசவே இல்லை. 2:10-இல் விசில் ஊதியிருந்தால் இரண்டாம் பாதி எப்படிப் போயிருக்கும் என்றுதான் திருப்பிக் கேட்டார்.